மே கடைசியில் சான் டியேகோ: மேகத்தையும் கடலையும் பார்த்து நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், இருவரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள், சைவம், கூட எட்டு வயதுப் பையன், மே கடைசி வாரம் ஹூஸ்டனிலிருந்து ஐந்து நாள் சான் டியேகோ வருகிறோம், எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது, வெளியில் சுற்ற என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் "நல்ல வெயிலும் கடலும் வேண்டும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

பதினொரு வருடமாக இங்கேதான் இருக்கிறேன். ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்களை எத்தனை முறை சுற்றிக் காட்டியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. அதனால் உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். மே, ஜூன் மாதங்களில் இந்த ஊர்க் கடற்கரையில் காலையில் வெயில் இருக்காது. வானம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் தாழ்ந்து கிடக்கும். இங்குள்ளவர்கள் இதற்கு 'மே கிரே', 'ஜூன் க்ளூம்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வடக்கிலிருந்து குளிர்ந்த நீரோட்டம் கலிஃபோர்னியாக் கரையை ஒட்டி இறங்குகிறது, அதன்மேல் இருக்கிற காற்று குளிர்ந்து ஈரமாகி மேகமாகிறது, அதற்கும் மேலே சூடான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருப்பதால் மேகம் எழும்பிக் கலைய முடியாமல் கரையிலேயே கிடக்கிறது. உள்நாட்டுப் பக்கம் பத்து மணிக்கே விலகிவிடும். கடற்கரையில் ஒரு மணி, இரண்டு மணி ஆகும். சில நாள் விலகவே விலகாது.

இந்த மேகம் பெரியவர்களையே ஏமாற்றியிருக்கிறது. பாயிண்ட் லோமா என்ற மலை முனையில் 1855இல் ஒரு கலங்கரை விளக்கம் ஏற்றினார்கள். கடல் மட்டத்திலிருந்து 422 அடி உயரம். அவ்வளவு உயரத்தில் இருந்தால் வெகுதூரம் தெரியும் என்பது கணக்கு. ஆனால் மேகம் தாழ வந்ததும் விளக்கு அதற்கு மேலே போய்விட்டது, கீழே கப்பலில் இருப்பவனுக்கு வெளிச்சம் தெரியவில்லை. 1891இல் அதை அணைத்துவிட்டு, கீழே தண்ணீரோரமாகப் புதிதாக ஒன்று கட்டினார்கள். பழைய விளக்கம் இன்றும் கப்ரியோ தேசிய நினைவிடத்தில் நிற்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். 1542 செப்டம்பரில் ஐரோப்பியர்கள் முதன்முதலாக இந்தக் கரையில் இறங்கியதற்கான நினைவிடம் அது. காருக்கு 20 டாலர், அந்தச் சீட்டு ஏழு நாள் செல்லும். அப்பா அம்மாவுக்குக் கஷ்டமில்லாத இடம், காரிலிருந்து இறங்கினால் துறைமுகம், ஊர், கொரொனாடோ தீவு, தெளிவான நாளாக இருந்தால் மெக்சிகோ மலைகள் வரை தெரியும். ஆனால் மேகம் விலகின பிறகு, மதியம் போங்கள். காலையில் போனால் அந்தக் காலத்து மாலுமிக்குத் தெரிந்ததுதான் உங்களுக்கும் தெரியும்.

எனவே ஒவ்வொரு நாளையும் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் நடக்கிற வேலை, மிருகக்காட்சி சாலை, மலைப்பாதை, பூங்கா. மதியத்துக்கு மேல் கடல். சூரியன் கிட்டத்தட்ட ஏழு ஐம்பதுக்குத்தான் மறையும், அவசரமே இல்லை. நம் கிழக்குக் கடற்கரையில் கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்த்துப் பழகிய பெரியவர்களுக்கு, அது கடலுக்குள் இறங்குவதே ஒரு காட்சி. என் மாமியார் தூத்துக்குடிக்காரர், முதல் நாள் சூரியன் தண்ணீரைத் தொட்டதும் அப்படியே எழுந்து நின்று கும்பிட்டார். அதன்பிறகு ஒரு நாள் மாலையும் வீட்டில் இருக்க ஒத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் ஹூஸ்டன் நினைப்பில் அரைக்கைச் சட்டையோடு வந்துவிடாதீர்கள். பகலில் கரையோரம் 20 டிகிரி செல்சியஸ் சுற்றித்தான் இருக்கும், மாலையில் கடல்காற்று அடித்தால் அம்மாவுக்கு ஸ்வெட்டரும் காதை மூட ஒரு சால்வையும் வேண்டும். மேகம்தானே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடவும் கூடாது, மேகத்தைத் தாண்டியும் புறஊதாக் கதிர் வரும், இரண்டு மணி நேரம் மணலில் விளையாடிய பையன் ராத்திரி தோள் எரிகிறது என்று அழுவான். கடல் தண்ணீர் மே கடைசியில் 17, 18 டிகிரி. குழந்தைகள் எப்படியும் இறங்கிவிடுவார்கள், ஆனால் அரை மணிக்கு மேல் இருக்க வேண்டுமென்றால் வெட்சூட் என்ற குளிர் தாங்கும் நீச்சலுடையை வாடகைக்கு எடுங்கள். தண்ணீர் உண்மையிலேயே இதமாக இருப்பது ஆகஸ்ட், செப்டம்பரில்தான்.

இன்னொன்று, மே மாதக் கடைசித் திங்கள் மெமோரியல் டே, நாடு முழுக்க விடுமுறை. அந்த வார இறுதியில் விடுதி வாடகையும் கூட்டமும் எகிறும். செவ்வாயில் தொடங்கி சனிக்கிழமை முடிகிற மாதிரி வைத்துக்கொண்டால் நல்லது. சனிக்கிழமையை ஏன் சேர்க்கச் சொல்கிறேன் என்பதைச் சாப்பாட்டுப் பகுதியில் சொல்கிறேன்.

சரி, ஐந்து நாளில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் நான் லா ஹோயாவைச் சொல்வேன். ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தால் 'லா ஜொல்லா' என்று வரும், அப்படிச் சொல்லி வழி கேட்டால் சிரிப்பார்கள். அங்கே கோவ் என்ற சிறிய குடாவைச் சுற்றி கடல்சிங்கங்கள் நூற்றுக்கணக்கில் பாறைமேல் கிடக்கும். நூறு மீட்டருக்கு முன்னாலேயே நாற்றம் வந்துவிடும், கருவாட்டுக் கிடங்கில் பழகாதவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள், பயப்பட வேண்டாம், ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். நடைபாதைக் கைப்பிடிச் சுவரிலிருந்தே நன்றாகத் தெரியும். குட்டிகள் இருக்கிற பாறைப் பகுதியை மக்களுக்கு மூடிவிட்டார்கள், முன்பெல்லாம் செல்ஃபி எடுக்கிறேன் என்று ஆட்கள் தாய்க்கும் குட்டிக்கும் நடுவே போய் நின்றதை நானே பார்த்திருக்கிறேன், மூடியது மிக நல்ல காரியம்.

அங்கிருந்து தெற்கே பத்து நிமிட நடையில் சில்ட்ரன்ஸ் பூல். 1931இல் எலன் பிரவுனிங் ஸ்கிரிப்ஸ் என்ற அம்மையார் தன் பணத்தில் குழந்தைகள் பத்திரமாகக் குளிக்க அலைத்தடுப்புச் சுவர் கட்டிக் கொடுத்தார். நாளடைவில் அந்த அமைதியான மணலைக் கடல்நாய்கள் எடுத்துக்கொண்டன. அவை குட்டி போடும் காலமான டிசம்பர் 15 முதல் மே 15 வரை மணலில் யாரும் இறங்கக் கூடாது, நீங்கள் வரும்போது அந்தத் தடை முடிந்திருக்கும், ஆனாலும் மேலேயிருந்தே பாருங்கள். உங்கள் பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள்: கடல்சிங்கத்துக்கும் கடல்நாய்க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முதலாவதற்குக் காது மடல் வெளியே தெரியும், முன்துடுப்பை ஊன்றி நடக்கும், ஓயாமல் குரைக்கும். இரண்டாவதற்குக் காதுக்கு வெறும் ஓட்டைதான், சத்தமில்லாமல் வயிற்றால் தவழும், கரையில் வாழைக்காய் மாதிரி தலையையும் வாலையும் தூக்கிக்கொண்டு கிடக்கும்.

பையனைத் தண்ணீரில் இறக்க கோவ் சரிப்படாது, அதற்கு வடக்கே இருக்கிற லா ஹோயா ஷோர்ஸ்தான் சரி. மணல் சரிவாக, அலை அடக்கமாக இருக்கும். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை அங்கே முழங்கால் ஆழத் தண்ணீரில் சிறுத்தைச் சுறாக்கள் கூட்டமாக வரும். உடம்பில் புள்ளி புள்ளியாக, ஒன்றரை மீட்டர் நீளம் வரை இருக்கும். பெரும்பாலும் சினைப் பெண் சுறாக்கள், இளஞ்சூடான ஆழமற்ற தண்ணீர் தேடி வருகின்றன, ஒன்றும் செய்யாது. மே கடைசியில் ஒன்றிரண்டு தென்பட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஆனால் பயப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது, திருக்கை. மணலுக்கடியில் உள்ளங்கை, தட்டு அளவில் புதைந்து கிடக்கும். மிதித்தால் வாலை வீசி முள்ளால் குத்திவிடும். மூன்று வருடத்துக்கு முன் எனக்கே நடந்தது. இடுப்பளவு தண்ணீரில் மகளோடு நின்றுகொண்டிருந்தேன், பின்காலை எடுத்து வைத்தேன், கணுக்காலில் யாரோ ஆணி அடித்த மாதிரி இருந்தது. காயம் சின்னதுதான், மிளகு அளவு ஓட்டை. வலி மட்டும் பத்து நிமிடத்தில் தொடை வரை ஏறிவிட்டது, பேச்சே வரவில்லை. உயிர்காப்பாளர்கள் என்னைப் பார்த்ததும் என்ன ஏது என்று கேட்கவே இல்லை, வாளியில் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் கொண்டுவந்து காலை வைக்கச் சொன்னார்கள். அந்த விஷத்தின் வீரியம் சூட்டில் குறையும், அதுதான் வைத்தியம். ஆற ஆற வெந்நீர் மாற்றிக்கொண்டே ஒரு மணி நேரம். எழுந்து நடந்து வந்துவிட்டேன். இது வராமல் இருக்க வழி மிக எளிது: தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காதீர்கள், மணலைத் தேய்த்துக்கொண்டே இழுத்து இழுத்து நடங்கள். அதிர்வு கேட்டதும் திருக்கை தானே நகர்ந்துவிடும். பையனுக்கு இதைக் கரையிலேயே விளையாட்டாகப் பழக்கிவிடுங்கள். உயிர்காப்பாளர் கோபுரத்துக்கு எதிரே மட்டும் இறங்குங்கள், அலையடியில் இழுப்பு எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் கணவரோ நீங்களோ கொஞ்சம் துணிந்து ஏதாவது செய்ய வேண்டுமென்றால், அதே ஷோர்ஸிலிருந்து கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் கடல் குகைகளுக்குப் போகலாம், அந்தப் பாறைச் சுவரில் ஏழு குகைகள் இருக்கின்றன. காலை முதல் பயணத்துக்குப் பதிவு செய்யுங்கள், காற்று எழுவதற்கு முன் கடல் தட்டையாக இருக்கும், மேகமாக இருந்தாலும் பரவாயில்லை. பெரியவர்களுக்குக் குகை காட்ட வேறு வழியும் உண்டு. அதில் ஒரு குகைக்குள் மேலேயிருந்து நூறு வருடத்துக்கு முன்பே சுரங்கம் வெட்டி 145 படி போட்டிருக்கிறார்கள், ஒரு கடைக்குள்ளே நுழைந்து இறங்க வேண்டும். முழங்கால் வலி இருந்தால் வேண்டாம், இறங்கினதையெல்லாம் ஏறியாக வேண்டும்.

லா ஹோயாவிலிருந்து சற்று வடக்கே டோரி பைன்ஸ். கடலோரச் செங்குத்துப் பாறைகளின் மேல் ஒரு வகைப் பைன் மரம், அமெரிக்காவிலேயே மிக அரிதானது. இயற்கையாக வளர்வது உலகத்தில் இரண்டே இடத்தில், இங்கேயும் சான்டா ரோசா என்ற தீவிலும். மேலே பார்க்கிங்கில் வண்டியை விட்டுவிட்டு கை ஃப்ளெமிங் என்ற சிறு வட்டப் பாதையிலோ ரேசர் பாயிண்ட் வரையிலோ நடந்தால் அப்பா அம்மாவுக்கும் சிரமம் இருக்காது. தண்ணீர் தவிர வேறு தின்பண்டம் உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை, முறுக்குப் பொட்டலத்தைக் காரிலேயே வைத்துவிடுங்கள். கீழே மணலுக்கு இறங்கினால் இரண்டு விஷயம். ஒன்று, அலையேற்றத்தில் மணல் சில இடங்களில் மறைந்தே போகும், அலை இறங்குகிற நேரம் பார்த்துத்தான் நடக்க வேண்டும், பாறைச் சுவரடியில் துண்டு விரித்து உட்காரவே கூடாது. அந்தப் பாறை வெறும் மணற்கல், சொல்லாமல் சரியும். 2019இல் இதே கரையில் வடக்கே என்சினிடாஸில் சரிந்து ஒரே குடும்பத்தில் மூன்று பேர் போய்விட்டார்கள். இரண்டாவது, மணலில் தெற்கு நோக்கி நடந்துகொண்டே இருந்தால் பிளாக்ஸ் பீச் வரும், அங்கே ஆடையில்லாமல் இருக்கிற பழக்கம் உண்டு. பெரியவர்களோடு போகிறீர்கள், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதே சாலையில் சால்க் ஆய்வு நிறுவனம் இருக்கிறது, போலியோ தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனஸ் சால்க் தொடங்கியது. சுற்றுலாப் பட்டியல்களில் இது அவ்வளவாக வராது, ஆனால் நான் வந்தவர்களையெல்லாம் கூட்டிப் போகிறேன். அகமதாபாத் ஐஐஎம்மைக் கட்டிய அதே லூயி கான் கட்டியது, 1965இல் முடிந்தது. இரண்டு பக்கமும் காங்கிரீட் கட்டடம், நடுவில் வெறும் கல்தளம், அதன் நடுவே விரல் பிடித்துப் போகிற மாதிரி ஒரு மெல்லிய வாய்க்கால் நேராகக் கடலை நோக்கி ஓடுகிறது. முற்றத்தில் மரம் வைக்கத்தான் முதலில் நினைத்திருக்கிறார், மெக்சிகோக் கட்டடக் கலைஞர் லூயிஸ் பர்ரகான் வந்து பார்த்துவிட்டு, ஒரு செடிகூட வேண்டாம், வானத்தையே முகப்பாக விட்டுவிடுங்கள் என்றிருக்கிறார். வார நாளில் முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும்.

இப்போது ஊருக்குள். பால்போவா பூங்கா 1,200 ஏக்கர், பனாமா கால்வாய் திறந்ததைக் கொண்டாட 1915இல் நடந்த கண்காட்சிக்காகக் கட்டிய ஸ்பானிய பாணிக் கட்டடங்கள் பல இன்றும் அருங்காட்சியகங்களாக நிற்கின்றன. உள்ளே பதினைந்துக்கு மேல் அருங்காட்சியகங்கள், எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் கால்தான் ஓயும். ஒன்றே ஒன்று போதும் என்றால் கலை அருங்காட்சியகம், ஏனென்றால் அங்கே இந்திய ஓவியங்களின் பெரும் தொகுப்பு இருக்கிறது, எட்வின் பின்னி என்பவர் சேர்த்து விட்டுச்சென்ற ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட படங்கள். முகலாய, ராஜஸ்தானி, பஹாரி நுண்ணோவியங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைக்கமாட்டார்கள், மாற்றி மாற்றிச் சிலதை வைப்பார்கள். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குத் திறந்தவெளி அரங்கில் பெரிய குழாய் ஆர்கன் கச்சேரி, இலவசம். நீங்கள் ஞாயிறு இருந்தால் விடாதீர்கள்.

மிருகக்காட்சி சாலை அதே பூங்காவுக்குள்தான். 1915 கண்காட்சிக்காகக் கொண்டுவந்த விலங்குகளில் ஒரு சிங்கம் கர்ஜித்ததைக் கேட்டு, இந்த ஊருக்கு ஒரு மிருகக்காட்சி சாலை இருந்தால் எப்படி இருக்கும் என்று ஹாரி வெக்ஃபோர்த் என்ற மருத்துவர் நினைத்தாராம். அடுத்த வருடமே அதற்கான சங்கம் தொடங்கிவிட்டது. டிக்கெட் ஆளுக்கு 70 டாலருக்கு மேல், கை கடிக்கும். ஆனாலும் பையனோடு வருகிறீர்கள், போய்த்தான் ஆக வேண்டும். திறக்கிற நேரத்துக்கே நில்லுங்கள், நேரே பாண்டாவுக்குப் போங்கள். 2024இல் சீனாவிலிருந்து யுன் சுவான், சின் பாவோ என்று இரண்டு வந்திருக்கின்றன, பதினோரு மணிக்கு மேல் வரிசை நீண்டுவிடும். இங்கேதான் காலை மேகம் உங்களுக்கு உதவும், வெயில் இல்லாத குளிரில் விலங்குகள் நடமாடும், வெயில் ஏறிவிட்டால் எல்லாம் நிழலில் படுத்துத் தூங்கும். இடம் மேடு பள்ளமானது, அதனால் அப்பா அம்மாவை முதலில் சுற்றுப் பேருந்தில் ஏற்றி உட்கார வைத்துவிடுங்கள், டிக்கெட்டிலேயே அடங்கும்.

துறைமுகத்தில் மிட்வே விமானந்தாங்கிக் கப்பலைத்தான் எல்லாரும் சொல்வார்கள். 1945 முதல் 1992 வரை பணியில் இருந்தது, 2004இலிருந்து அருங்காட்சியகம். பையனுக்குப் பிடிக்கும், அரை நாள் போய்விடும், உள்ளே ஏணிப்படிகள் செங்குத்து, மேல்தளத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. அவ்வளவுதான் அதைப் பற்றி. நான் சொல்ல விரும்புவது அதற்கு வடக்கே சிறிது தூரத்தில் நிற்கிற 'ஸ்டார் ஆஃப் இந்தியா' என்ற பாய்மரக் கப்பலைப் பற்றி.

1863இல் பிரிட்டன் பக்கம் ஐல் ஆஃப் மேன் தீவில் கட்டிய இரும்புக் கப்பல், அப்போது அதன் பெயர் யூட்டர்பி. கல்கத்தாவுக்குச் சரக்கு ஏற்றத்தான் முதலில் விட்டார்கள். முதல் பயணத்திலேயே இன்னொரு கப்பலோடு மோதல், மாலுமிகள் கலகம். அடுத்த பயணத்தில், 1865இல், சென்னைக்கு அப்பால் வங்காள விரிகுடாவில் புயலில் மாட்டியது. கப்பல் கவிழாமல் இருக்கப் பாய்மரங்களையே வெட்டித் தள்ள வேண்டியதாயிற்று. தட்டுத்தடுமாறி திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது. ஊர் திரும்பும் வழியில் கேப்டன் நோயில் இறந்து கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவ்வளவு துரதிர்ஷ்டத்தோடு தொடங்கிய கப்பல் பிறகு நியூசிலாந்துக்குக் குடியேறிகளை ஏற்றிக்கொண்டு உலகத்தை இருபத்தோரு முறை சுற்றி வந்தது. இன்றும் அதைப் பாய் விரித்து ஓட்டக்கூடிய நிலையில் வைத்திருக்கிறார்கள். தளத்தில் நின்று அந்தப் பாய்மரத்தின் அடியில் கை வையுங்கள், இரண்டு கை சேர்த்தாலும் கட்ட முடியாது. இப்படிப்பட்ட ஒன்றை நடுக்கடலில், நம் ஐப்பசி கார்த்திகைப் புயல்கள் எழுகிற அதே கடலில், வெட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தால் உடம்பு ஒரு நிமிடம் சிலிர்க்கும். உங்கள் அப்பா அந்தக் கதையைக் கேட்டால் அங்கேயே நின்றுவிடுவார்.

அங்கிருந்து கொரொனாடோவுக்குப் படகில் கால் மணி நேரம். 1969இல் கட்டிய வளைவான பாலத்தில் காரிலும் போகலாம், ஆனால் படகுதான் பெரியவர்களுக்கும் குழந்தைக்கும் சந்தோஷம். அங்கே 1888இல் கட்டிய மரத்தாலான பெரிய விடுதியைச் சும்மா சுற்றிப் பார்க்கலாம், அறை எடுக்க வேண்டியதில்லை. அதன் முன்னால் இருக்கிற மணலில் அப்பிரகம் கலந்திருக்கும், மாலை வெயிலில் பொன்தூள் தூவினது போல மின்னும். ஒரே ஓர் எச்சரிக்கை: எல்லைக்கு அப்பால் டிஹுவானா பக்கத்திலிருந்து கழிவுநீர் ஆற்றில் வந்து கலப்பதால் தெற்கே இம்பீரியல் பீச் பெரும்பாலான நாள் மூடியே கிடக்கிறது, காற்று திரும்பினால் கொரொனாடோவிலும் எச்சரிக்கைப் பலகை வைத்துவிடுவார்கள். பலகை இருந்தால் கால் நனைக்கவும் வேண்டாம். பெருமழைக்குப் பிறகு மூன்று நாள் எந்தக் கடற்கரையிலும் இறங்கக் கூடாது என்பதும் இங்கே உள்ள பொதுவான விதி, மே மாதத்தில் அந்தக் கவலை அநேகமாக இல்லை.

இப்போது சாப்பாடு. இது எல்லை ஊர், இங்கே சாப்பிட வேண்டியது மெக்சிகோச் சாப்பாடு. நீங்கள் மீன் சாப்பிடுவதாக இருந்தால் முதல் நாளே மீன் டாகோ. மாவில் தோய்த்துப் பொரித்த மீன், மெல்லிசாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெள்ளைச் சாஸ், மேலே எலுமிச்சை, எல்லாம் டார்ட்டியா என்ற சின்ன மக்காச்சோள ரொட்டியில். எல்லைக்கு அப்பால் மெக்சிகோவில் இருக்கிற பாஹா கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது. கையில் வந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும், ஐந்து நிமிடம் ஆறினால் மொறுமொறுப்பு போய்விடும், அதனால் பார்சல் வாங்காதீர்கள். கலிஃபோர்னியா புரிட்டோ என்று இந்த ஊருக்கே உரியது ஒன்று உண்டு, உள்ளே உருளைக்கிழங்கு வறுவலையே வைத்துச் சுருட்டுவார்கள், ஆனால் அதில் மாட்டிறைச்சி, பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா அப்பாவுக்குத்தான் இங்கே கவனம் வேண்டும். "பீன்ஸ் புரிட்டோ சைவம்தானே" என்று எல்லாரும் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பல கடைகளில் அந்த மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிக்கிறார்கள். ஸ்பானிய மொழியில் அதற்கு 'மாண்டேகா' என்று பெயர். "பீன்ஸில் மாண்டேகா இருக்கிறதா, சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைத்தீர்களா" என்று இரண்டு கேள்வி கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள். வேகவைத்த கறுப்பு பீன்ஸ் பல இடங்களில் கொழுப்பில்லாமல் இருக்கும், ஆனால் அதையும் கேட்டு வாங்குங்கள். அவகாடோ, தக்காளிச் சால்சா, பச்சை மிளகாய் வறுத்தது எல்லாம் சேர்த்தால் நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துப்போகும்.

ஓல்ட் டவுனில் சில உணவகங்களில் ஜன்னலோரமாகப் பெண்கள் நின்று கையால் டார்ட்டியா தட்டுவார்கள். அம்மாவை அங்கே கொஞ்சம் நிறுத்திவையுங்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோல் கழுவி, அரைத்த மாவு அது. உருண்டையை இரு உள்ளங்கைக்கும் நடுவே தட்டித் தட்டி வட்டமாக்கி கல்லில் போட்டதும் அது உப்பி எழுகிற விதமும், அந்த வாசனையும், சோளத்தோடு கலந்த சுண்ணாம்பு வாசனை, நம் அம்மாக்களுக்கு மொழி தெரியாமலே புரிந்துவிடும். என் அம்மா அந்தப் பெண்ணிடம் சைகையிலேயே தண்ணீர்ப் பதம் கேட்டார், அவரும் மாவை ஒரு துளி கிள்ளிக் கொடுத்துக் காட்டினார்.

தோசை இல்லாமல் அப்பாவால் மூன்று நாள் தாங்க முடியாது என்றால் மிரா மெசா, மிராமார் பக்கம் போங்கள், இந்திய மளிகைக் கடைகளும் தென்னிந்திய உணவகங்களும் அங்கேதான்.

சனிக்கிழமை சொன்னேனே, அது மீனுக்காக. துறைமுகத்தில் டூனா ஹார்பர் என்ற இடத்தில் சனிக்கிழமை காலை மீனவர்களே படகிலிருந்து இறக்கி விற்கிறார்கள். ஒரு காலத்தில் உலகத்தின் டூனா தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊர் இது. சமையலறை இருக்கிற வாடகை வீடு எடுத்திருந்தால் மட்டும் வாங்குங்கள், இல்லாவிட்டாலும் பார்க்கப் போகலாம். சிவப்பு ராக்ஃபிஷைப் பார்த்தால் சங்கரா என்றே தோன்றும், குழம்புக்கு அருமையாக இருக்கும். முள்ளோடு அசைந்துகொண்டிருக்கும் கடல்முள்ளெலிகள், உயிரோடு இருக்கும் நண்டுகள் எல்லாம் பையன் கண்ணெடுக்காமல் பார்ப்பான். எட்டு மணிக்கே போங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள், நான் பதினொரு வருடமாகத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

கார் கட்டாயம் வேண்டும். ட்ராலி ரயில் எல்லையிலிருந்து ஊர் நடு வழியாகப் பல்கலைக்கழகம் வரை போகிறது, 2.50 டாலர்தான், ஆனால் கடற்கரைகளைத் தொடாது. லா ஹோயாவில் பார்க்கிங் பெரும்பாடு, அதனால் அங்கே போகிற நாள் மட்டும் மேகத்தைப் பார்க்காமல் ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள். பக்கத்தில்தானே என்று மெக்சிகோவுக்கு ஒரு எட்டுப் போய்வர ஆசை வரும். அப்பா அம்மா விசாவில் மறுபடி நுழைய அனுமதி இருக்கிறதா என்று உறுதியாகத் தெரியாமல் எல்லையைத் தாண்டாதீர்கள், திரும்பி வருவதுதான் சிக்கல், வரிசையும் மணிக்கணக்கில் இருக்கும். பெரியவர்களோடு நான் போகமாட்டேன்.

கடைசியாக ஒன்று. நீங்கள் வரும் வாரத்தில் பௌர்ணமியோ அமாவாசையோ வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அதற்கு அடுத்த மூன்று நான்கு ராத்திரிகளில் கிரூனியன் என்ற மீன் கரையேறும். விரல் நீளத்தைவிடச் சற்றுப் பெரியது, வெள்ளித் தகடு போல இருக்கும். முக்கியமாகத் தென் கலிஃபோர்னியாவிலும் பாஹாவிலும்தான் உண்டு. அலையேற்றம் உச்சத்தைத் தாண்டியதும் அலையோடு வந்து மணலில் இறங்கும், பெண் மீன் வாலை மணலுக்குள் குத்தி நட்டு நிமிர்ந்து நின்று முட்டையிடும், ஆண் மீன்கள் அதைச் சுற்றி வளைந்து படுக்கும், அடுத்த அலையில் திரும்பிப் போய்விடும். அந்த முட்டைகள் அடுத்த பெரிய அலையேற்றம் வந்து நனைக்கும் வரை மணலுக்குள்ளேயே காத்திருந்து பொரியும். எந்த ராத்திரி எத்தனை மணிக்கு எதிர்பார்க்கலாம் என்று மாநில மீன்வளத் துறை அட்டவணை வெளியிடுகிறது.

நான் இரண்டு முறை போய் வெறுங்கையோடு குளிரில் நடுங்கித் திரும்பினேன். மூன்றாவது முறை, மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், முதலில் ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு மணல் முழுக்க அசைய ஆரம்பித்தது. அவளை எழுப்பினேன், அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மே மாதத்தில் பிடிக்கவும் தொடவும் தடை, பார்க்கலாம். லா ஹோயா ஷோர்ஸோ மிஷன் பீச்சோ போங்கள், டார்ச்சையும் போனையும் அணைத்துவிடுங்கள், வெளிச்சம் பட்டால் வராது. மடக்கு நாற்காலி இரண்டு, அம்மாவுக்குக் கம்பளி, ஃபிளாஸ்கில் காப்பி. அட்டவணையில் போட்ட நேரத்துக்கு அரை மணி முன்பே போய் உட்காருங்கள், ஒரு மணி நேரமாவது எழுந்திருக்காதீர்கள்.